நோய்க்கும் பார், பேய்க்கும் பார்

"நோய்க்கும் பார், பேய்க்கும் பார்" என்பது எம் முன்னோர் வழங்கிவந்த முதுமொழி. வீட்டில் ஒருவர் முகம் வாடி, உணவு குறைந்து, உறக்கமின்றி இருப்பாராயின் ஒருபுறம் பரியாரியாரை அழைப்பர். மறுபுறம் கோயிலுக்குச் சென்று நூல் கட்டித் திருநீறு போடுவிப்பர். இக்காலத்துப் படித்த பிள்ளைகள் இம்முதுமொழியைக் கேட்டு நகைக்கின்றனர். பெரியோரோ மனநோய்க்கு வைத்தியசாலை என்றதும் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சுகின்றனர். இரு சாராருக்கும் இடையே நோயாளி தனித்து விடப்படுகின்றார். இவ்வாரம் நாம் நேயர்களோடு பேச விரும்புவது அவரைப் பற்றியே.

எமது அயலில் வசிக்கும் பிள்ளை ஒருத்தி உளவளத்துணைப் பயிற்சி பெற்று வருகின்றாள். மனத்துயரால் வருந்துவோர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, அவர் தம் வழியைத் தாமே கண்டுகொள்ளத் துணைநிற்கும் பணியே உளவளத்துணையாகும். சீர்மியம் என்றும் இதனைக் கூறுவர். சில வாரங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் எம் திண்ணையில் வந்தமர்ந்த அவள், தனது முதல் தோல்வியை ஒளிக்காது எடுத்துரைத்தாள்.

முதிய தாயார் ஒருவரைக் காணச் சென்றவள், வகுப்பிற் கற்ற வரிசைப்படி, "உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா?" என்று கேட்டாளாம். அந்த அம்மையார் எழுந்து நின்று, "எனக்கென்ன பிள்ளை, விசரோ?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாராம். அடுத்த வாரம் அவள் புத்தகத்தையும் தாளையும் வீட்டில் வைத்துவிட்டுச் சென்றாள். முற்றத்தில் அமர்ந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த அவருக்குத் தானும் கைகொடுத்தவாறு, "இரவில நித்திரை வருகுதோ அம்மா?" என்று கேட்டாள். "எங்க பிள்ளை! ஒரே யோசனை" என்று தொடங்கியவர், பொழுது சாயும்வரை பேசினாராம்.

கேட்டவளும் அவளே, கேட்கப்பட்டவரும் அவரே. மாறியது கேள்வியின் மொழி மாத்திரமே. உள்ளத்துக்குத் துணைபுரிய விரும்புபவர், அவ்வுள்ளம் எந்த மொழியில், எந்த வழக்கத்தில், எந்த உறவுகளுக்கு நடுவே நோகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

துயரின் மொழி

யாழ்ப்பாணத்துப் பேச்சில் மனத்துயருக்கெனத் தனி அகராதியே உண்டு. எண்ணத்தைக் குறிக்கும் 'யோசனை' என்ற சொல் இங்கே தீராக் கவலையையும் குறிக்கும். பெருமூச்சு, நெஞ்சடைப்பு, தலையிடி, நாரிநோ, கைகால் எரிவு, உடல் விறைப்பு ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் செல்வோர் பலர். சோதித்துப் பார்த்தால் உடலில் குறை காணப்படாது. அதற்காக அவர் பொய் உரைக்கின்றார் என்று கொள்ளலாகாது. மனத்தின் பாரத்தை உடலின் வழியே சொல்வது எம்மவர் மரபு. 'பதகளிப்பு' என்ற ஊர்வழக்குச் சொல்லையே இங்குள்ள உளநல நூலார் கலைச்சொல்லாகவும் ஆள்கின்றனர். அச்சமும் பரபரப்பும் சேர்ந்த நிலையை இதனினும் பொருத்தமாகக் கூறும் சொல் வேறு உண்டோ?

இதற்கு மாறானது 'விசர்' என்னும் சொல். சிறுவரின் குறும்பு முதல் கடும் உளச்சிதைவு வரை யாவற்றையும் இவ்வொரு சொல்லுக்குள் அடைத்துவிடுகின்றோம். முற்காலத்தில் வடபகுதி மனநோயாளரைக் கொழும்புக்கு அணித்தான அங்கொடைக்கு அனுப்புவது வழக்கமாயிருந்தது. அவ்வூரின் பெயரே எம்மிடையே வசையாயிற்று. ஒரு குடும்பத்தவர் 'விசர்' என்ற பெயருக்கு அஞ்சி ஆறு மாதம் நோயை மறைப்பாராயின், அந்த ஆறு மாதமும் நோய் வேரூன்றும் காலமாகும்.

மருத்துவத்தை மக்களின் மொழியிற் சொல்லவேண்டும் என்ற கருத்து யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1847-ல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், அடுத்த ஆண்டில் மாணவருக்கு மேலை மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாயிற் பணிபுரிந்த அவர், காலப்போக்கில் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். உடலின் நோய்க்கு அவர் செய்ததை மனத்தின் நோய்க்குச் செய்யும் பணி ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னர், போரின் நடுவே தொடங்கிற்று.

போர் கற்பித்த பாடம்

1987-ஆம் ஆண்டின் சண்டைகள், 1995 ஒக்டோபர் 30-ஆம் நாள் இரவில் வலிகாமம் முழுவதும் மூட்டை முடிச்சுடன் தென்மராட்சி நோக்கி நடந்த இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26-ல் வடமராட்சிக் கிழக்குக் கரையை அழித்த ஆழிப்பேரலை, 2009-ல் வன்னியில் நேர்ந்த பேரிழப்பு ஆகிய இவற்றை எமது நேயர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. இவற்றிலே சிலவற்றையேனும் நேரிற் காணாத குடும்பம் குடாநாட்டில் அரிது.

இக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மேல்நாட்டு நூல்கள் கூறும் முறைகள் மாத்திரம் இங்கே போதா என்பதை அனுபவத்திற் கண்டார். அந்நூல்கள் நோயாளியைத் தனியொருவராகக் கொண்டு, தனியறையில் வைத்துப் பேசச் சொல்கின்றன. எம்மவரிடையே 'நான்' என்பது பெரும்பாலும் 'நாங்கள்' என்பதன் ஒரு பகுதி. வீடு, வளவு, கோயில், கிணறு, அயல் யாவும் சேர்ந்தே ஒரு மனிதர். ஊர் பெயர்ந்தபோது உடைந்ததும் அந்தக் கூட்டு மனமே. 1998-ல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் பெயர் 'வடுப்பட்ட மனங்கள்' எனப் பொருள்படும். 2014-ல் வெளிவந்த நூலின் பெயரோ 'வடுப்பட்ட சமூகங்கள்' எனப் பொருள்படும். மனங்களிலிருந்து சமூகங்களுக்குப் பெயர்ந்த அந்த ஒரு சொல்லிலேயே அவர் கண்ட உண்மை அடங்கியுள்ளது எனலாம்.

அவரும் உளமருத்துவர் சா. சிவயோகனும் சேர்ந்து தமிழ்ச் சமூகத்தின் உளநலம் பற்றி 2000-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். அகதிகளின் உளநலம் பற்றிய உலகச் சுகாதார நிறுவனத்தின் கைந்நூலைத் தழுவி, இந்நாட்டு வழக்கங்களையும் சேர்த்து, 'மனவடு' என்ற பெயரில் தமிழ்க் கைந்நூல் ஒன்றும் ஆக்கப்பட்டது. சாந்திகம் என்னும் யாழ்ப்பாண நிறுவனம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றி ஊர்களுக்கு அனுப்பிவந்தது. ஆசிரியர், கிராம அலுவலர், சமயப் பெரியோர் முதலியோருக்கும் அடிப்படைப் பயிற்சி அளிக்கப்பட்டது. உளமருத்துவர் ஓரிருவரே இருந்த மண்ணில், துயரைக் கேட்கத் தெரிந்த காதுகளைப் பெருக்குவதன்றி வேறு வழி இருக்கவில்லை.

முழு மனிதருக்கு மருந்து

அப்பயிற்சியில் என்னதான் கற்பிக்கின்றனர் என்று அயல்வீட்டு மாணவியிடம் வினவினோம். அவள் கூறியவற்றைத் தொகுத்துத் தருகின்றோம்.

முதலாவது, மூச்சு. பதகளிப்பு மிகும்போது மூச்சு மேலெழும்பி நெஞ்சு படபடக்கும். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டால் உடல் தணியும். உடல் தணியவே மனமும் தணியும். இதனைச் சைவருக்குப் பிரணவத்தை உச்சரித்தலோடும், கத்தோலிக்கருக்குச் செபமாலையோடும், இஸ்லாமியருக்குத் திக்ரோடும் இணைத்துக் கற்பிக்கும் முறையைச் சோமசுந்தரம் கையாண்டார். பயிற்சி ஒன்றே, அவரவர் நாவிற் பழகிய சொல்லோடு சேரும்போது, அது மறவாது நிலைக்கின்றது. கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு மூச்சை எண்ணுவதே போதும். எவர்மீதும் எதனையும் திணிக்கலாகாது என்பதும் பயிற்சியின் ஒரு பாடமாம்.

இரண்டாவது, உடல். நேரத்துக்கு உணவு, எண்ணெய் வைத்துத் தோய்தல், சிறு நடை, பகலில் ஒரு வேலை. கை ஓய்ந்திருக்கும் வீட்டில் யோசனை குடிபுகும். இழந்த தொழிலை மீட்டுக்கொள்ள ஒரு வலையோ தையல் இயந்திரமோ கிடைப்பின், அதுவும் மருந்தின் ஒரு பகுதியே.

மூன்றாவது, உறவு. வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசவேண்டிய பேச்சும் உண்டு. வீட்டாரைக் கூட்டிவைத்துப் பேசவேண்டிய பேச்சும் உண்டு. எது எப்போது என்பதை அறிவதே தேர்ச்சி. சிறிய ஊரில் யாவரும் யாவர்க்கும் உறவினர். ஆதலால் கேட்டதை வெளியிற் சொல்லாத வாய்க் கட்டுப்பாடு உளவளத்துணையாளருக்கு இன்றியமையாதது.

நான்காவது, சடங்கு. மரண வீட்டில் ஒப்பாரி எழும்போது, இளைஞர் சிலர் அதனை அநாகரிகம் என்பர். ஆனால் அழுகைக்கு ஒரு இசையும், அழுவோரைத் தழுவிக்கொள்ள ஒரு தோளும், அழுது ஓய்வதற்கு ஒரு காலமும் அங்கே வகுக்கப்பட்டிருக்கின்றன. எட்டுச் செலவன்று இறந்தவர் விரும்பிய உணவைச் சமைத்துப் படைக்கின்றோம். முப்பத்தொன்றாம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி செய்கின்றோம். ஆடி அமாவாசையில் தந்தையையும், சித்திரைப் பௌர்ணமியில் தாயையும் நினைக்கின்றோம். துயரை ஒரே நாளிற் புதைக்காமல், படிப்படியாக இறக்கி வைப்பதற்கு எம் முன்னோர் இட்ட படிக்கட்டு இது. போர்க்காலத்தில் பலர் இப்படிகளில் ஒன்றேனும் இறங்க வழியின்றி, பிணத்தை அவசரமாகப் புதைத்துவிட்டு ஓடினர். இறக்கி வைக்கப்படாத அப்பாரம் இன்றும் பல நெஞ்சங்களில் உண்டு.

இரு கொட்டகைகள்

இவ்வளவும் கூறியதால், பழைய வழக்கம் யாவும் நன்று என்பது எமது கொள்கை என்று நேயர்கள் கருதலாகாது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிவந்த இரு செய்திகளை ஒப்பிட்டுக் காட்டுவோம்.

வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் ஊரிலுள்ள முத்துசாமி கோயிலுக்கு மனநோயாளரை உறவினர் அழைத்துவந்து தங்கவைப்பதுண்டு. அங்கே தங்கிய 31 பேரைப் பெங்களூர் ஆய்வாளர்கள் கவனித்து, தாம் கண்டதை 2002-ல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். சராசரி ஆறு வாரம் தங்கிய அவர்களிடம் நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தன. அங்கே பேயோட்டும் சடங்கு எதுவும் நடைபெறவில்லை. வாசல் கூட்டி, செடிக்கு நீர் வார்த்து, காலையிற் சிறு வழிபாட்டில் கலந்து, உறவினர் அருகிருக்க, அச்சமின்றி வாழ்ந்தனர். அந்த ஆதரவே பயன் தந்தது என்பது ஆய்வாளர் கருத்து.

மற்றச் செய்தி இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியிலிருந்து வந்தது. அங்கும் நம்பிக்கை கொண்டே உறவினர் மனநோயாளரை அழைத்துச் சென்றனர். ஆனால் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் அவர்கள் சங்கிலியாற் பிணைக்கப்பட்டனர். 2001 ஓகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில் அக்கொட்டகை தீப்பற்றியபோது ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர்.

இரண்டும் நம்பிக்கையின் நிழலில் எழுந்த கொட்டகைகளே. ஒன்றில் அன்பு இருந்தது; மற்றதில் சங்கிலி இருந்தது. வழக்கத்தை மதிப்பது என்றால், அதனுள் இருக்கும் அன்பைப் பேணி, சங்கிலியை அறுப்பதாகும். வேப்பிலையால் பார்வை பார்ப்பதில் தீங்கில்லை. பிரம்பால் அடிப்பது கொடுமை. கணவனை இழந்தவளுக்கு ஆறுதல் கூறும் உறவு நன்று. அவளை மங்கல காரியத்தில் ஒதுக்கிவைக்கும் வழக்கம் நன்றன்று. மேலும், கடும் நோய்க்கு மருந்து வேண்டும். காதில் இல்லாத குரல் கேட்பவரையும், நாட்கணக்கில் உறங்காதவரையும், உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று கூறுபவரையும் உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். தெல்லிப்பழையில் துர்க்கை அம்மன் கோயிலும் உண்டு. ஆதார வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவும் உண்டு. ஒன்றுக்குச் செல்பவர் மற்றதற்குச் செல்லலாகாது என்று எவரும் விதிக்கவில்லை.

நைஜீரியா நாட்டு மருத்துவர் லம்போ என்பவர் 1954-ஆம் ஆண்டளவில் ஆரோ என்னுமிடத்தில் நோயாளரை அயற் கிராமங்களில் உறவினரோடு குடியிருத்தி, நாட்டு வைத்தியரின் துணையையும் பெற்று, மேலை மருத்துவத்தையும் அளித்தார். அங்கே இயன்றது இங்கே இயலாதா?

வழக்கம் முடியும் இடம்

இனி, மாணவி எம்மிடம் வந்ததன் உண்மைக் காரணத்தைக் கூறுவோம். குடும்பத்தின் ஊரையும் பிற அடையாளங்களையும் அவள் எம்மிடம் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஒரு பெண்ணின் கணவன் போரின் இறுதிக்காலத்திற் காணாமற் போனான். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அவள் இன்றும் குங்குமம் இடுகின்றாள். முதுமை எய்திய மாமியாரோ, "என்ர கண் மூட முந்தி அவனுக்கு அந்தியேட்டி செய்து போடவேணும், அவன்ர ஆத்மா அலையுது" என்கின்றார். மருமகளுக்கு அது கணவனைத் தன் கையாற் கொல்வது போன்றது. இருவரும் ஒரே வீட்டில் ஈராண்டாகப் பேசுவதில்லை. நடுவில் ஒரு பெண்பிள்ளை.

"அவர் இருக்கிறார் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? நான் என்ன சொல்ல?" என்று அப்பிள்ளை எம்மைக் கேட்டாள். எமக்கு விடை தெரியவில்லை.

உயிரோடிருப்பவருக்கு அவர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்கின்றோம். இறந்தவருக்கு அந்தியேட்டியும் திவசமும் செய்கின்றோம். இரண்டிலும் சேராதவருக்கு எமது வழக்கத்தில் இடமில்லை. சட்டத்துக்கும் இச்சிக்கல் நேர்ந்தது. இறந்தார் என்று கூறாது, காணப்படவில்லை என்று மாத்திரம் கூறும் சான்றிதழை வழங்க 2016-ல் இலங்கையிற் சட்டம் இயற்றப்பட்டது. போலின் பொஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வியட்நாம் போரிற் காணாமற்போன விமானப்படையினரின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்து, இதனைத் தெளிவற்ற இழப்பு என்ற பொருளிற் பெயரிட்டார். முடிவு காணுமாறு இவர்களை வற்புறுத்துவது பயன் தராது. முடிவின்றியே வாழும் வலிமையைப் பெறத் துணைநிற்பதே தக்கது என்பது அவர் கண்ட முடிபு.

இரு வாரம் கழித்து மாணவி மீண்டும் வந்தாள். தன் ஆசிரியையிடம் கேட்டபோது அவர், "நீ எதுவும் சொல்லவேண்டாம். இருவரையும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கச் செய்" என்று மாத்திரம் கூறினாராம். அவ்வாறே இருவரையும் ஒரே பாயில் அமர்த்தினாள். நெடுநேரம் மௌனம். பின்னர் மாமியார், மகன் சிறுவனாயிருந்தபோது பசி பொறுக்கமாட்டான் என்று ஏதோ நினைவிற் கூறினார். மருமகள், "இப்பவும் எங்கையாவது பசியோட இருப்பாரோ எண்டுதான் மாமி எனக்கு யோசனை" என்றாள். அதுவே ஈராண்டுக்குப் பின் அவள் மாமியாரோடு பேசிய முதற் பேச்சு.

அன்று எதுவும் முடிவாகவில்லை. பல சந்திப்புகளுக்குப் பின் வழியைக் கண்டவர் அந்த முதிய தாயாரே. மகனின் பிறந்தநாளன்று தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் அவன் பெயரால் அன்னதானம் கொடுப்போம் என்றார். அன்னதானம் பிறந்தநாளுக்கும் கொடுப்பதுண்டு, நினைவுநாளுக்கும் கொடுப்பதுண்டு. இருக்கின்றான் என்றும் சொல்லவேண்டியதில்லை; இல்லை என்றும் சொல்லவேண்டியதில்லை. அவனைப் போலப் பசித்த ஒருவருக்குச் சோறு கிடைக்கும். மருமகள் குங்குமத்தோடு சென்று பரிமாறினாள். மாமியார் அருகிலிருந்தார்.

இதனால் அவர்கள் துயர் தீர்ந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. அது தீரும் துயரன்று. அந்தியேட்டி பற்றிய கருத்து வேறுபாடும் தீரவில்லையாம். ஆனால் அவ்வீட்டில் இப்போது பேச்சு உண்டு. பிள்ளை இருவருக்கும் நடுவே உறங்குகின்றாள். புத்தகத்திலும் இல்லாத, பழைய சடங்கிலும் அப்படியே இல்லாத ஒரு வழியை, அவர்கள் தம் வழக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டனர். மாணவி செய்தது, அவர்கள் அதனைக் கண்டுபிடிக்கும்வரை அருகில் அமர்ந்திருந்தமையே.

இல்லத்தாருக்கும் மாணவருக்கும்

குடும்பத்தவர்க்குச் சில சொற்கள். துயருற்றவரிடம் "யோசியாதை" என்று கூறுவதால் யோசனை நிற்காது, "என்ன யோசனை?" என்று கேட்டுப் பாருங்கள். 'விசர்' என்னும் சொல்லை விளையாட்டுக்கும் வீட்டில் வழங்காதீர்கள். நாளை நோய் வந்தால் வாய் திறக்கப் பிள்ளை அஞ்சும். வைத்தியர் தந்த மாத்திரையை, சற்றுச் சுகம் கண்டவுடன் அவரைக் கேளாது நிறுத்தாதீர்கள். உயிரை வெறுத்துப் பேசுபவரைத் தனியே விடாதீர்கள்.

இப்பணிக்கு வர விரும்பும் மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். உலகத்து நூல்களையெல்லாம் கற்றுக்கொள்ளுங்கள். அவற்றில் அரிய உண்மைகள் உண்டு. அவற்றோடு உங்கள் பாட்டியின் பேச்சையும் கற்றுக்கொள்ளுங்கள். முற்றத்தில் அமர்ந்து முருங்கையிலை ஆயத் தெரியாதவருக்கு, அம்முற்றத்தில் வாழும் மனம் எளிதிற் திறக்காது.

நோய்க்கும் பாருங்கள், பேய்க்கும் பாருங்கள். பார்க்கும் பதற்றத்தில், நடுவே வாடி நிற்கும் மனிதரின் முகத்தைப் பார்க்க மறவாதீர்கள் என்பதே எமது வேண்டுகோள்.